சம்பந்தி அனுப்பிய புல்விதை மூட்டை

மரியாதைக்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கே என் மனைவியின் வலது முழங்கால் நீங்கலாக எல்லாரும் நலம். அங்கே நீங்கள், சம்பந்தியம்மா, மாப்பிள்ளை, என் மகள் எல்லாரும் நலமாகவே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நம்புவதற்கு மேல் என்னிடம் ஆதாரம் எதுவும் இல்லை. மகளைப் போனில் கேட்டால் "எல்லாரும் நல்லா இருக்கோம்ப்பா" என்கிறாள். எப்போது கேட்டாலும் இதையே சொல்கிறாள் என்பதால் அதை நான் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

முதலிலேயே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இது உங்கள் மேல் சந்தேகப்பட்டு எழுதும் கடிதம் அல்ல. பெண்ணைக் கொடுத்த இடத்தில் சந்தேகப்படுகிற ஆள் நான் இல்லை. எங்கள் தெருப் பூங்காவுக்கு நீங்கள் அனுப்பிய புல்விதை மூட்டையைப் பற்றிச் சில விவரங்களை உங்கள் பார்வைக்கு வைக்கிறேன், அவ்வளவுதான். படித்த பிறகு உங்களுக்கே உங்கள் மேல் சந்தேகம் வந்தால் அதற்கு நான் பொறுப்பாக முடியாது.

போன கோடையில் நகராட்சிக்காரர்கள் குழாய் பதிக்கிறோம் என்று எங்கள் பூங்காவைக் கொத்திப் போட்டுவிட்டுப் போனது உங்களுக்குத் தெரியும். குழி மூடப்பட்டது. ஆனால் மூடியவர்கள் மேலே இருந்த கறுப்பு மண்ணைக் கீழே தள்ளி, கீழே கிடந்த வெளிறிய மண்ணை மேலே பரப்பிவிட்டார்கள். கறுப்பு மண்ணில் பாதியை யாரோ லாரியில் ஏற்றி விற்றுவிட்டார்கள் என்பது என் கருத்து, நிரூபிக்க முடியவில்லை. அதற்குப் பிறகு பொறியாளர் ஒருவர் வந்து சுற்றிப் பார்த்தார். "மழைக்காலம் முடியறதுக்குள்ள புல் பிடிச்சா பூங்காவாவே இருக்கட்டும். பிடிக்கலைன்னா கான்கிரீட் போட்டு வண்டி நிறுத்தற இடமா மாத்திடறோம்" என்று சொல்லிவிட்டுப் போனார். தெருவில் யார் இந்தப் பொறுப்பை எடுத்துக்கொள்வது என்று கேட்டபோது எல்லாரும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தார்கள். எடை அளவு ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன், நேர்மையானவன் என்ற மரியாதைதான் காரணம். மற்ற எல்லாருக்கும் வேலை இருந்தது என்று என் மனைவி சொல்வதை நான் பொருட்படுத்தவில்லை.

பொறுப்பை நான் ஏற்றுக்கொண்டது மரியாதைக்காகவும் இல்லை, பூங்காவுக்காகவும் இல்லை சம்பந்தி. முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு டாக்டர் அவளைத் தினமும் மிருதுவான சமதரையில் நடக்கச் சொன்னார். தெருவெல்லாம் மேடு பள்ளம். அந்தப் பூங்காப் புல் ஒன்றுதான் அவளுக்குத் தோதாக இருந்தது. கையில் கம்பை வைத்துக்கொண்டு செருப்பைக் கழற்றிவிட்டுச் சாயங்காலம் மெல்ல மெல்லச் சுற்றி வருவாள். தோண்டிப் போட்டதிலிருந்து வாசல் பக்கம் நாற்காலி போட்டு அதை வெறுமனே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அதைப் பார்க்க எனக்கு மனசு ஆறவில்லை. கான்கிரீட் போட்டுவிட்டால் அவள் எங்கே போய் நடப்பாள்? அதுதான் என் கவலை. மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

முதலில் இங்கேயே ஒரு விதைக் கடைக்குப் போனேன். கடைக்காரர் நாலு கிண்ணத்தில் விதையைக் கொட்டி மேஜையில் வரிசையாக வைத்தார். "இது நிழல்ல வரும் சார். இது வெயிலைத் தாங்கும். இது மெதுவா முளைச்சாலும் ஓடிப் படர்ந்து நிலைச்சு நிக்கும். இது சட்டுனு முளைக்கும், ஆனா ரொம்ப நாள் இருக்காது" என்றார். "எல்லாத்தையும் சேர்த்துச் செய்யற மாதிரி ஒண்ணு இல்லையா?" என்று கேட்டேன். "உங்க மண்ணைப் புரட்டிப் போட்டிருக்காங்க சார், அதுக்குக் கலந்துதான் போடணும்" என்றார். கலந்து என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு மூக்கு வியர்த்துவிட்டது. ஒன்றும் தெரியாதவன் மாதிரி அவருடைய தராசைத் தூக்கி அடியில் முத்திரையைத் தேடினேன். "சார், நீங்க வாங்க வந்தீங்களா, பிடிக்க வந்தீங்களா?" என்றார். நியாயமான வியாபாரி இப்படிக் கேட்பாரா? திரும்பி வந்துவிட்டேன்.

அன்று மாலைதான் உங்களுக்குப் போன் செய்தேன். இத்தனை வருடம் விதை வியாபாரம் செய்கிறவர், சொந்தம் வேறு. மண்ணின் நிறம், வெயில் எவ்வளவு நேரம் விழுகிறது, தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்றெல்லாம் கேட்டீர்கள். இவ்வளவு கேள்வி எதற்கு என்று அப்போதே நினைத்தேன், சொல்லவில்லை. "நானே ஒரு மூட்டை கலந்து அனுப்பறேன் சம்பந்தி, காசெல்லாம் பேசாதீங்க. மண்ணை நல்லாக் கொத்தி, விதையைக் கொஞ்சம் மணலோட கலந்து, குறுக்கும் நெடுக்குமாத் தூவுங்க. மேல சாக்கைப் போட்டு மூடுங்க. முக்கியமா, வந்த விதையைப் பிரிக்காதீங்க, அப்படியே தூவுங்க" என்றீர்கள். இதே வார்த்தைகள். மறுக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

மூட்டை வந்தது. வந்ததும் என் பழைய தராசில் நிறுத்துப் பார்த்தேன். எடை சுத்தமாக இருந்தது. என் சந்தேகம் அங்கேதான் ஆரம்பித்தது. உங்கள் மேல் அல்ல, பொதுவாக. சும்மா கொடுக்கிறவர் எதற்காக எடையைச் சரியாகக் கொடுக்க வேண்டும்? அடுத்தது, பிரிக்காதீங்க என்றீர்கள். ஒருத்தர் பிரிக்காதே என்றால் அதில் பிரிக்க வேண்டியது ஏதோ இருக்கிறது என்றுதானே அர்த்தம்? என் சர்வீசில் "மூட்டையைப் பிரிக்காதீங்க சார், எல்லாம் சரியா இருக்கும்" என்று சொன்ன எவரிடமும் எதுவும் சரியாக இருந்ததில்லை.

கூடத்தில் மின்விசிறியை நிறுத்திவிட்டு, தரையில் செய்தித்தாள் விரித்து, மாவு சலிக்கும் சல்லடையை எடுத்து உட்கார்ந்தேன். "ஏங்க, அவர் பிரிக்காதீங்கன்னு சொன்னாரே" என்றாள் என் மனைவி. "அதனாலதான் பிரிக்கிறேன்" என்றேன். "என் சல்லடைங்க அது" என்றாள். கடமையில் இருக்கும்போது சல்லடை யாருடையது என்று பார்க்க முடியுமா? சலித்து முடித்தபோது நான் பயந்தது நடந்திருந்தது. கீழே தூள் மாதிரி சன்னமான விதை. மேலே உமியோடு பருத்த விதை. இரண்டும் ஒரு வகை இல்லை. கடைக்காரர் எனக்குக் காட்டிய நாலு கிண்ணத்தில், நீண்ட நாள் நிற்காது என்று அவரே ஒப்புக்கொண்ட அந்த விதை அச்சு அசல் இந்தப் பருத்த விதை மாதிரியே இருந்தது. நல்ல விதையில் நிலைக்காத விதையைக் கலந்து எடையைக் கூட்டியிருக்கிறார்கள். யார் என்று நான் சொல்லவில்லை. உங்கள் கடையில் வேலை செய்கிற யாராவது இருக்கலாம். நீங்களாகவும் இருக்கலாம், எல்லாச் சாத்தியத்தையும் பார்ப்பது என் பழக்கம்.

என் முறைப்படி செய்தேன். பருத்த விதை முழுவதையும் ஒரு பையிலும், சன்ன விதையில் பாதியை மாதிரிக்காக இன்னொரு பையிலும் போட்டு, வாயைக் கட்டி, முடிச்சின் மேல் அரக்கு வைத்து முத்திரை குத்தி, என் கட்டிலுக்கு அடியில் வைத்தேன். தினமும் காலையில் இரண்டு பையையும் நிறுத்துப் பார்க்கிறேன். ஒரு குன்றிமணி கூடக் குறையவில்லை. பைகள் கொஞ்சம் ஒடுங்கின மாதிரித் தெரிகின்றன, காய்ந்து படிந்திருக்கும். பார்வை ஏமாற்றலாம், எடை ஏமாற்றாது. எந்த அதிகாரி முன்னாலும் அந்தப் பைகளை வைத்து நிரூபிக்கத் தயாராக இருக்கிறேன். இதை மிரட்டலாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மீதி சன்ன விதையைப் பூங்காவில் தெருப் பக்கத்துப் பாதியில் தூவினேன். மணல் கலக்கவில்லை. சர்க்கரையில் மணல் கலந்தவனை, அது என் இலாகாவே இல்லாதபோதும், கையும் களவுமாகப் பிடித்துக் கொடுத்த கை இது. இந்தக் கையால் நானே மணல் கலப்பேனா? சாக்கும் மூடவில்லை. மூடி வைத்தால் அதற்குள் என்ன நடக்கிறது என்று யாருக்குத் தெரியும்? விதை தூவிய நாளிலிருந்து காலையும் மாலையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காவல் இருக்கிறேன். மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு மட்டும் வீட்டில் கொஞ்சம் கண்ணயர்வேன். அந்த நேரத்தில் என் மனைவி, நான் சொல்லாமலே, பூங்காவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொள்கிறாள். இத்தனை வருடம் என்னோடு குடும்பம் நடத்தியதில் அவளுக்கும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

காவல் மட்டும் போதாது, சோதனையும் வேண்டும் இல்லையா? தினமும் ஒரு சின்னக் கரண்டியால் அங்கங்கே லேசாகத் தோண்டி, விதையை எடுத்து, பூதக்கண்ணாடியில் பார்த்துவிட்டு மறுபடி வைத்து மூடிவிடுவேன். ஒரு விதையை விட்டுவைக்காமல் பார்த்துவிட்டேன் என்றே சொல்லலாம். ஒன்றும் முளைத்தபாடில்லை. ஒரு நாள் ஒரு விதையிலிருந்து வெள்ளையாக நூல் மாதிரி ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. புழுவோ என்று கிள்ளிப் பார்த்தேன். புழு இல்லை. அதற்கப்புறம் அந்த இடத்திலும் ஒன்றும் வரவில்லை. இவ்வளவு கவனித்தும் முளைக்காத விதையைப் பற்றி நான் என்ன நினைப்பது, நீங்களே சொல்லுங்கள்.

இதற்கு நடுவில் ஒரு மழை. கொட்டித் தீர்த்தது. மொட்டைத் தரை, பிடித்து நிறுத்த ஒரு வேர் கிடையாது, தண்ணீர் மண்ணை வாரிக்கொண்டு தெருக்கோடிப் பள்ளத்து வீட்டு வாசலுக்குப் போய்விட்டது. அந்த வீட்டுக்காரரைப் பற்றி உங்களுக்குச் சொல்லியே ஆக வேண்டும். அவருக்கு இரண்டு கார். நாங்கள் அவரை ரெட்டைக்கார் என்றுதான் சொல்வோம், முகத்துக்கு நேரே இல்லை. இரண்டு கார் வைத்திருக்கிறவருக்குப் பூங்கா வேண்டுமா, வண்டி நிறுத்துமிடம் வேண்டுமா? இதற்குப் பெரிய துப்பறியும் மூளை தேவையில்லை. மழைக்குப் பிறகு பார்க்கிறேன், அவர் வாசல் தரை விரிசலில் வரிசையாகப் பச்சைப் பசேல் என்று சன்னமாகப் புல் எழும்பியிருக்கிறது. என் தரையில் ஒன்று இல்லை, அவர் வாசலில் இருக்கிறது. என் விதையைக் களவாடியிருக்கிறார். எப்படி என்பதுதான் இன்னும் பிடிபடவில்லை.

அதோடு விட்டாரா? பூங்காவின் உள்பக்கப் பாதி, நான் இன்னும் விதைக்காத பாதி, அங்கே ஒரு நாள் மதியம் நான் தூங்கி எழுந்து போவதற்குள் வரிசையாகச் சாக்கை விரித்துக் கல்லை வைத்திருக்கிறார். இப்போதே இடம் பிடிக்கிறார் பாருங்கள்! கான்கிரீட் போடுவதற்கு முன்னாலேயே! கார் கழுவுகிற குழாயை இழுத்து வந்து சாக்கின் மேல் தண்ணீர் வேறு தெளிக்கிறார், தன் வண்டிகளுக்குத் தூசி படியக்கூடாது என்று. "எதுக்கு சார் இந்த சாக்கு?" என்று கேட்டேன். "காயாம இருக்கட்டும்னுதான் சார்" என்றார். "எது காயாம?" என்றேன். ஆடு திருடின கள்ளன் மாதிரி முழித்து, என் மனைவியைப் பார்த்து, "தரை சார்" என்றார். தரை காய்ந்தால் இவருக்கு என்ன? நான் சாக்கைத் தொடவில்லை. அதிகாரி வந்து பார்க்கும்வரை தடயத்தைக் கலைக்கக் கூடாது என்பது முதல் பாடம். உடனே நகராட்சிக்கு ஒரு புகார் எழுதிப் போட்டேன். என் மனைவியிடம், "அந்த ஆள் மேல ஒரு கண்ணு வை" என்றேன். "வெச்சிருக்கேங்க. அவர் ஒண்ணும் தப்பாச் செய்யலை" என்றாள். அவள் வெள்ளை மனசு அப்படி.

நாளை மறுநாள் பொறியாளர் வருகிறார். என் பாதியில் ஒரு புல் இல்லை. மறு பாதியில் சாக்கு. அவர் பார்த்ததும் கான்கிரீட் என்று எழுதிவிட்டுப் போவார். அதனால் உங்களிடம் ஒரே ஒரு உதவி கேட்கிறேன். "நான் அனுப்பிய விதை முளைக்கிற தரத்தில் இல்லை, கலப்படம்" என்று உங்கள் கடைத் தாளில் இரண்டு வரி எழுதி, கையெழுத்துப் போட்டு, உடனே அனுப்புங்கள். நகராட்சிக்காரர்கள் இன்னொரு மழைக்காலம் தவணை கொடுப்பார்கள். உங்கள் வியாபாரத்துக்குக் கொஞ்சம் கெட்ட பெயர் வரும். வரட்டும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, ஆனால் வரட்டும். அவள் நடக்க வேண்டும் சம்பந்தி. இது என் மகளுக்குத் தெரிய வேண்டாம். மாப்பிள்ளைக்கும் வேண்டாம். அவர் முகத்தைப் பார்த்தே அவள் கண்டுபிடித்துவிடுவாள், என் மகள் அல்லவா.

மற்றபடி விசேஷம் ஒன்றும் இல்லை. சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கமும், மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் என் ஆசியும். உங்கள் குடும்பமும் வியாபாரமும், இந்த ஒரு மூட்டை தவிர, மேலும் மேலும் தழைக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மேல் எந்தச் சந்தேகமும் இல்லாத,
உங்கள் சம்பந்தி

பின்குறிப்பு: மேலே எழுதியிருப்பதை நீங்கள் இன்னும் படிக்கவில்லை என்றால் தயவுசெய்து படிக்க வேண்டாம்.

நேற்று இரவு எழுதி முடித்து, உறையை ஒட்டி, தபாலில் போட இன்று காலை கிளம்பினேன். பூங்கா வாசலில் நகராட்சி வண்டி நிற்கிறது. நாளை வர வேண்டிய பொறியாளர் இன்றே வந்துவிட்டார். என் புகார்தான் காரணமாம், சாக்கு விஷயம் என்னவென்று பார்க்க வந்தாராம். முதலில் என் பாதியைப் பார்த்தார். கரண்டிக் குழிகளைக் காட்டி, "இங்க எலி ஜாஸ்தியா?" என்று கேட்டார். நான் பேச்சை மாற்றிச் சாக்கைக் காட்டினேன். "அந்தச் சாக்கை எடுங்க" என்றார். எனக்கு உள்ளே ஒரே குஷி. ரெட்டைக்கார் என் மனைவியைப் பார்த்தார். அவள் நாற்காலியில் உட்கார்ந்தபடி தலையாட்டினாள். அவர் சாக்கைச் சுருட்டினார்.

புல் சம்பந்தி. பாதிப் பூங்கா முழுக்கப் புல். வெளிச்சம் படாமல் கொஞ்சம் வெளிறியிருந்தது, ஓரிரு நாள் வெயிலில் சரியாகிவிடுமாம். பொறியாளர் குந்தி உட்கார்ந்து விரலால் விலக்கிக் காட்டினார். உயரமாக ஒரு வகை, அதன் அடியில் நிழலில் ஒண்டிக்கொண்டு முடி மாதிரி இன்னொரு வகை. "ரெண்டையும் கலந்து போட்டிருக்கீங்க, அதான் சரி. பெருசு சீக்கிரம் முளைச்சு மண்ணைப் பிடிச்சுக்கும், வெயில் படாம சின்னதைக் காப்பாத்தும். சின்னது வேர் விட்டதும் பெருசு அதுவா ஒதுங்கிடும். இந்த மாதிரிப் புரட்டிப் போட்ட மண்ணுக்கு வேற வழி இல்லை. யார் குடுத்த யோசனை?" என்றார். "எங்க சம்பந்தி" என்றாள் என் மனைவி. "அந்தப் பாதியையும் இதே மாதிரி போட்டுடுங்க. கான்கிரீட் வேண்டாம்னு எழுதிடறேன்" என்று சொல்லிவிட்டு வண்டி ஏறினார்.

விதை ஏது என்று கேட்டேன். "உங்க கட்டிலுக்கு அடியில இருந்துதுங்க" என்றாள். ஓடிப்போய்ப் பைகளை எடுத்தேன். அரக்கு முத்திரை அப்படியே இருந்தது. பையைத் திருப்பினால், அடியில் தையலைப் பிரித்துத் திரும்பத் தைத்திருக்கிறது. உள்ளே மணல். ஆமாம், மணல். "அதே எடைக்கு நிறுத்துதான் போட்டேன், உங்க தராசிலேயே. எடை சரியா இருந்தா நீங்க உள்ள பார்க்க மாட்டீங்கன்னு எனக்குத் தெரியாதா?" என்றாள். நான் காலையில் பூங்காவைக் காவல் காத்த நேரத்தில் பை காலியாகியிருக்கிறது, நான் மதியம் தூங்கிய நேரத்தில் விதைப்பு நடந்திருக்கிறது. அவள் நாற்காலியில் இருந்து சொல்லச் சொல்ல, கொத்தியதும் தூவியதும் மூடியதும் ரெட்டைக்கார். அவருக்கு என்ன லாபம் என்று அவரிடமே கேட்டுவிட்டேன். "கான்கிரீட் போட்டா மழைத் தண்ணி மொத்தமும் என் வீட்டுக்குள்ள வந்துடும் சார். கார் நிறுத்த என் வீட்டிலேயே இடம் இருக்கு" என்றார். இது மட்டும்தான் இந்த விவகாரத்தில் எனக்குச் சுலபமாக நம்ப முடிந்த ஒரு விஷயம்.

நான் விதையைச் சலித்த அன்று மாலையே அவள் உங்களுக்குப் போன் செய்துவிட்டாளாம். அதாவது முதல் நாளிலிருந்து உங்களுக்கு எல்லாம் தெரியும். என் மகளுக்கும் தெரியுமாம். அந்த "எல்லாரும் நல்லா இருக்கோம்ப்பா"வில் இப்போதுதான் எனக்கு ஒரு சிரிப்பு கேட்கிறது.

இந்தக் கடிதத்தைக் கிழிக்கப் போனேன். அவள் பிடுங்கிக்கொண்டாள். "நல்லதும் கெட்டதும் கலந்துதானே எழுதியிருக்கீங்க? இதையும் சலிக்க வேண்டாம். பிரிக்காம அப்படியே அனுப்புங்க" என்றாள். அனுப்புகிறேன். மன்னிப்புக் கேட்கிறேன் என்று தனியாக எழுத வேண்டுமா, மேலே உள்ளதைப் படித்தாலே நான் எவ்வளவு கேட்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரிந்துவிடும்.

இன்று சாயங்காலம் அவள் செருப்பைக் கழற்றிவிட்டுப் புல்லின் ஓரத்தில் நின்றாள். இன்னும் மிதிக்கக் கூடாதாம், வேர் பிடிக்கட்டுமாம். ஒரு கால் விரலை மட்டும் அதன் மேல் வைத்துப் பார்த்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது சம்பந்தி. தூசி என்று சொன்னேன், அவள் நம்பவில்லை.

என் பாதிக்கு அதே கலவையில் இன்னொரு மூட்டை அனுப்புங்கள். சல்லடையை அவள் பூட்டி வைத்துவிட்டாள். மூட்டையின் மேல் எடையை மட்டும் கொஞ்சம் எழுதி அனுப்புங்கள். சந்தேகத்தில் கேட்கவில்லை.